பயிற்சிக்கு ஒரு பாட்டு

எங்கள் இசையமைப்பாளரின் ஆகச் சிறந்த பாட்டு எது என்று இருபத்தைந்து வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் என்னோடு சேர்ந்துகொள்வார்கள், மீதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். சினிமாவுக்கு இசை போட்டவர், தமிழிலும் போட்டவர், மலையாளத்திலும் போட்டவர். அவ்வளவு தெரிந்தால் போதும். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சண்டை நடக்கும். ரிட்டயர் ஆன பிறகு காலையில் நடக்கப்போகிற மைதானத்தில் நடக்கிறது. ஒருத்தர் என்னோடு மூன்று மாதம் பேசவே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த ஆள் நான்தான். நான் பிடித்த முயலுக்கு உண்மையிலேயே மூன்று கால்தான் என்று இப்போதும் நினைக்கிறேன், அது வேறு விஷயம்.

போன வருஷம் அவருடைய பாட்டுகளிலிருந்து ஒன்றை, ஒன்றே ஒன்றை, எடுத்தே ஆகவேண்டும் என்று வந்தது. விளையாட்டுக்கு இல்லை. என் மனைவிக்குக் காதில் ஆபரேஷன் செய்து கருவி வைத்திருந்தார்கள். அவளுக்கு மறுபடியும் பாட்டு கேட்குமா கேட்காதா என்பது அந்தத் தேர்வைப் பொறுத்திருந்தது.

அவளுக்குக் காது போனது ஒரே நாளில் அல்ல. மகள் பிறந்த பிறகு இடது காது மந்தமானது. பிறகு வலது. காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று வாங்கினோம், அதைவிடப் பெரிசு ஒன்று வாங்கினோம், எட்டு வருஷத்துக்கு முன் அதற்கும் பிடிகொடுக்காமல் போய்விட்டது. உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். நான் வேகமாகப் பேசுகிற ஆள், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற ஆள். "வாயில உள்ளத முழுங்கிட்டுச் சொல்லுங்க" என்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை ஒரு தடவை அவள் எதிரிலேயே, யாரைப் பற்றியோ, வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உதட்டைப் பார்த்துப் படித்துவிட்டாள். சிரித்தாள்தான். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் பழமொழி என் வாயில் வந்ததில்லை.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர், ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் ஒரு பக்கம் நிறைய எழுதினேன்: மயக்கமருந்து எவ்வளவு நேரம், தையல் எத்தனை நாள், கருவி எத்தனை வருஷம் உழைக்கும், மழையில் நனையலாமா. அவள் ஒரே ஒரு வரி எழுதினாள், மலையாளத்தில். பாட்டு கேட்க முடியுமா? அவ்வளவுதான். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். முதலில் பேச்சு வரும், பாட்டு கடைசியில்தான், சிலருக்கு வரவே வராது என்றார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் மலையாளத்தில் எழுதியது எனக்கு அதிசயமாக இல்லை. நான் நாகர்கோவில் பக்கத்து ஆள், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைக்காக இந்த மலையாள ஊருக்கு வந்தவன். அவள் இங்கேயே பிறந்தவள். அவள் தாத்தாவின் அப்பா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்து சாலைக் கடைவீதியில் பாத்திர வியாபாரம் தொடங்கிய குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ்ப் பத்திரிகை படிப்பாள், ஆனால் எழுத்துக்கூட்டி, நிதானமாக. அவசரத்தில் எழுதினால் மலையாளம்தான் வரும். கல்யாணமான புதிதில் அவள் எழுதிய மளிகைச் சீட்டை நான் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துமா இப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். பொறுங்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து வெளிக்கருவியை மாட்டி முதன்முதலாக இயக்கினார்கள். சினிமாவில் காட்டுவதுபோல அவள் கண்ணீர் விட்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் புதுச்சட்டை போட்டுப் போயிருந்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள். "என்ன இது, எல்லாரும் பஸ் ஸ்டாண்டு மைக்ல பேசுத மாதிரி இருக்கு" என்றாள். நான் பேசினேன். "நீங்களும்தான்" என்றாள். ஆனால் இரண்டு மாதத்தில் குக்கர் விசில் எத்தனை என்று எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது மாதம் நான் பின்னாலிருந்து கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, அந்த ஒரு திரும்பலுக்கு நான் என் பென்ஷன் முழுவதையும் கொடுப்பேன்.

பாட்டு மட்டும் வரவில்லை. டி.வி.யில் பாட்டு வந்தால் எழுந்து போய்விடுவாள். கேட்டால், தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்பாள்.

ஆஸ்பத்திரியில் கேட்கும் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் மகள் வயது. மலையாளத்தில்தான் பேசுவாள், நான் தமிழில் எழுதுகிறேன். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஒரே ஒரு பாட்டு எடுங்க அங்கிள். காது நல்லா இருந்த காலத்துல ஆன்ட்டிக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு. ஒரு குரல் போதும், வாத்தியம் குறைச்சலா இருக்கணும். காலைல ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம், அதையே கேக்கணும். கருவி தாளத்தைத் தரும், வார்த்தையைத் தரும். ராகம் முழுசா தராது. அதை அவங்க மனசுதான் ஞாபகத்துல இருந்து எடுத்து நிரப்பிக்கணும். ஞாபகத்துல இல்லாத பாட்டு பிரயோஜனப்படாது. ஆறு மாசத்துக்குள்ள பழக்கினாத்தான் உண்டு."

இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதிப்பு. இருபத்தைந்து வருஷமாகத் தயாராக இருக்கிற ஆளிடம் வந்து இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அங்கேயே, நின்ற இடத்திலேயே, என் ஆகச் சிறந்த பாட்டைச் சொன்னேன். நாற்பது வயலின், பின்னால் கூட்டுக்குரல், நடுவில் தாளம் மாறும். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கிளே, அது எனக்கே புரியாது" என்றாள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் பட்டியல் போட்டேன். இது வேண்டாம், டிரம் அதிகம். இது வேண்டாம், ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடுகிறார்கள். இது நல்ல பாட்டு, ஆனால் அழுகைப் பாட்டு, காது வந்த வீட்டில் அழுகைப் பாட்டு எதற்கு? இது, சே, இதை நான் எப்படி முதல் பத்தில் வைக்காமல் விட்டேன்! இப்படியே போயிற்று. அடுப்படியில் அவள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். "பரீட்சைக்குப் படிக்கேளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மகள் வெளியூரில் இருக்கிறாள். வீடியோ காலில் வந்தபோது பட்டியலைக் காட்டினேன். "அம்மாட்ட கேட்டீங்களா அப்பா?" என்றாள்.

"உங்க அம்மைக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? முப்பத்துநாலு வருஷமாச்சு."

"ஒரு வார்த்தை கேளுங்க அப்பா."

"நீ உன் ஜோலியப் பாரு" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

கடைசியில் தேர்ந்தெடுத்தது எங்கள் கல்யாண வருஷத்தில் வந்த ஒரு பாட்டு. தமிழ்ப் பாட்டு. அந்தப் பாட்டின் கேசட்டை நான் நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்து, கல்யாணமான முதல் ஆறு மாதம் தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் போடுவேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன், அவள் உள்ளே தோசை சுடுவாள். இதைவிட மனப்பாடமான பாட்டு வேறு எது இருக்க முடியும்? போனில் அந்தப் பாட்டின் பெயரை அவளுக்குக் காட்டினேன்.

"உங்களுக்குப் பிடிச்சதுல்லா?" என்றாள்.

"நமக்குப் பிடிச்சது."

"செரி" என்றாள்.

இந்த மெட்டைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஆள் இதே மெட்டை மலையாளப் படம் ஒன்றிலும் போட்டிருக்கிறார். அந்தப் பாட்டு இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கேயாவது அது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது காப்பி. ஒரிஜினல் நம்மது. அங்க போட்ட சோறு மிஞ்சினத இங்க பழையதா விளம்பியிருக்காரு" என்று டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அவளுக்குக் காது கேட்ட காலம் முழுவதும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பயிற்சி ஆரம்பமானது. காலையில் பத்து மணிக்கு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு. சாயங்காலம் ஐந்து மணிக்கு, காப்பி குடித்த பிறகு. மகள் போனிலிருந்தபடியே ஏதோ அமைத்துக் கொடுத்தாள். பாட்டு போனிலிருந்து நேராக அவள் கருவிக்குப் போய்விடும், வெளியே சத்தமே வராது. அவள் முன்னறையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்பாள். நான் வாசல்படியில் நின்று பார்ப்பேன். முதல் வாரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் தலையை லேசாக ஆட்டினாள். மூன்றாம் வாரம் மடியில் விரலால் தாளம் போட்டாள்!

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ராகம் கேக்குதா?"

"ம்ம். கேக்குது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை மைதானத்தில் எல்லோருக்கும் பாளையங்கோட்டான் பழம் வாங்கிக் கொடுத்தேன். என்னோடு மூன்று மாதம் பேசாமலிருந்தவருக்கு இரண்டு பழம். நான் தேர்ந்தெடுத்த பாட்டு, பார்த்தீர்களா, பெஞ்சாதிக்குக் காதையே கொண்டுவந்துவிட்டது என்றேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் என் மனைவியைப் பார்த்து, "நெஜமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதை நான் கவனித்தேன், ஆனால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆறாவது வாரம். கிழக்கேகோட்டைக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு ஐந்தேகால் வாக்கில் திரும்பினேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை சும்மா மடியில் கிடந்தது. நான் உள்ளே காலை வைத்ததும், என்னைப் பார்த்ததும், விரல்கள் தாளம் போடத் தொடங்கின. தலையும் ஆடியது.

"எங்க வந்திருக்கு?" என்றேன்.

"சரணம்."

"ரெண்டாவதா?"

"ஆமா, ரெண்டாவது."

அவள் போனைச் சார்ஜில் போடலாம் என்று மேஜையிலிருந்து எடுத்தேன். பட்டனை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். உயிரே இல்லை. எப்போது அணைந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் விரல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. நான் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தாள். விரல் நின்றது.

கத்தினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கத்தினேன். ஆறு வாரமாக என்னை முட்டாளாக்கினாயே என்றேன். ஊர் முழுக்கப் பழம் கொடுத்தேனே என்றேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பொண்ணு முன்னால் தலையாட்டினாயே, இனி அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றேன். ஆறு மாதத்துக்குள் பழக்கினால்தான் உண்டு என்று சொன்னார்களே, அதில் ஒன்றரை மாதம் போச்சே என்றேன். எட்டு வருஷமாகக் கோபம் வந்தால் கத்தித் தீர்த்துக்கொள்கிற பழக்கம் எனக்கு வந்திருந்தது, அவளுக்குக் கேட்காது என்பதால்.

அவள் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள். "மெல்ல. இப்ப கேக்குதுல்லா" என்றாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவளே பேசினாள். "நீங்க ஆசையா எடுத்துத் தந்தது. நோட்டுல எழுதி எழுதிப் பார்த்தீங்க. கேக்கல்லன்னு எப்படிச் சொல்லுகது? நாளைக்குக் கேக்கும், நாளைக்குக் கேக்கும்னு பார்த்தேன். எனக்கு அந்தப் பாட்டு ஞாபகமே இல்லையாக்கும்."

"தினமும் போட்டேனே! ஆறு மாசம் போட்டேனே!"

"நீங்க கேட்டீங்க. நான் அடுப்படியில இருந்தேன். தோசைக்கல்லுச் சத்தம், குழாய்ல தண்ணிச் சத்தம். இடையில உங்க அம்மை கூப்பிடுவாங்க. ஒருநாளாவது வந்து இருந்து கேளுன்னு சொன்னீங்களா?"

சொன்னேனா? யோசித்துப் பார்த்தேன். தோசை ஆறிப்போகும் என்றுதான் நினைத்திருப்பேன்.

"பின்ன எந்தப் பாட்டு உனக்கு ஞாபகத்துல இருக்கு?" என்றேன். முப்பத்துநாலு வருஷத்தில் இந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்கிறேன் என்பது வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "சொன்னா ஏசுவீங்க" என்றாள்.

"இல்ல. சொல்லு."

"அந்தக் காப்பிதான்."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் வித்துராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் டீச்சர் வேலை பார்த்தாள். காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் பள்ளி விட்டதும் வித்துரா சந்தை முக்கில் பஸ்ஸுக்கு நிற்பாள். எதிரே ஒரு சாயாக்கடை. அங்கே ரேடியோ. பஸ் வருகிற நேரமும் சினிமாப் பாட்டு போடுகிற நேரமும் ஒன்று. அந்தப் பாட்டை அந்த வருஷம் அடிக்கடி போட்டார்கள். முதல் தடவை பாதியில் பஸ் வந்துவிட்டது. மறுதடவை முதல் பாதி போய்விட்டது. பாடக்குறிப்பு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில், கேட்ட வரியையெல்லாம் எழுதி வைத்தாள். ஒருநாள் பாட்டு முடிவதற்கு முன் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. நின்று முழுவதையும் கேட்டு மிச்ச வரிகளை எழுதினாள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் நல்ல ஏச்சு வாங்கினாளாம்.

"மழை பெய்துட்டு இருந்துது. கடைக்காரர் ஒரு ஸ்டூலு எடுத்துப் போட்டாரு. என் காசு, நானே வாங்கி ஒரு சாயா குடிச்சேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டுன்னா எனக்கு அதாக்கும்."

"கூட யாரு நின்னா?" என்றேன். ஆண்புத்தி போகுமா?

"ஒரு நாய் நின்னுது" என்றாள். "வாலாட்டுச்சு. இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஆனால் உள்ளே ஒன்று குத்திக்கொண்டுதான் இருந்தது. கல்யாணம் நிச்சயமானபோது வித்துரா தூரம், வேலையை விட்டுவிடட்டும் என்று நானும் என் அம்மாவும் பேசி முடிவு செய்தோம். அவளைக் கேட்டோமா? கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. இதை அவளிடம் அன்றைக்குச் சொன்னேன். "சாரமில்ல, அது பழைய கதை" என்றாள். சாரமில்லை என்று அவள் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். மைதானத்தில் இதை யாரும் படித்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே எழுதுகிறேன். மலையாளப் பாட்டுதான் முதலில் வந்தது. தமிழ் இரண்டு வருஷம் பிந்தி. எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். எங்கள் ஆளின் எந்தப் பாட்டு எந்த வருஷம் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இது தெரியாமலா இருக்கும்? இந்த ஊருக்கு வந்த புதிதில், மலையாளம் பேசத் திணறிக்கொண்டிருந்த காலத்தில், ஆபீசில் ஒருத்தன், உங்க தமிழ்ப் பாட்டு எங்க பாட்டோட காப்பி என்று என்னைக் கிண்டல் செய்தான். அன்றைக்கு ஒரு வீம்புக்குச் சொன்ன பொய். சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிவிட்டது. பொய்யைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தேன், அவள் தன் பாட்டைச் சத்தம் குறைத்துக் கேட்டாள், பிறகு கேட்கவே முடியாமல் போய்விட்டது. அவளுக்குக் காது நன்றாக இருந்த கடைசி வருஷங்களில் எத்தனை தடவை அந்த டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தேனோ.

"தெரியும்" என்றாள், நான் சொல்லி முடித்ததும்.

"என்ன தெரியும்?"

"அதாக்கும் முதல்ல வந்ததுன்னு. நீங்க பொண்ணு பாக்க வந்தப்பமே நான் அந்த நோட்டை எடுத்து ஒளிச்சு வச்சாச்சே. தமிழ்ப் பாட்டு அப்ப பொறக்கவே இல்லையே."

இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் பேசாமல் இருந்திருக்கிறாள்! எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

மறுநாள் அந்த மலையாளப் பாட்டைத் தேடி எடுத்தேன். அவளுக்கு அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை முழுதாகக் கேட்டேன். சத்தத்தைக் குறைக்காமல், முதன்முறையாக. தமிழில் டிரம் உண்டு, கூட்டுக்குரல் உண்டு, அதைக் கண்டுகொள்ளாமல்தான் எடுத்திருந்தேன். இதில் ஒரே குரல். வாத்தியம் மூன்றோ நாலோ. நிதானமான நடை, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் விரல் மடக்கிச் சொன்ன அத்தனையும் இதில் இருந்தது. எந்தப் பாட்டு உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். என் வாயால் வராது.

ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அந்தப் பெண் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "முதல்லேருந்து தொடங்கலாம். ஆனா இதுலயும் வராமப் போகலாம் ஆன்ட்டி, அதுக்கும் தயாரா இருக்கணும்" என்றாள். "வராட்டா போட்டும்" என்றாள் என் மனைவி. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுவழியும் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இவ்வளவு நாள் நடித்ததில் இல்லாத பயம் இப்போது அவளுக்கு வந்திருந்தது. என் பாட்டு கேட்காமல் போனால் போகட்டும். இது அவளுடையது. இதுவும் தகரமாகக் கேட்டால் அவளிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

முதல் நாள் கேட்டாள். "எப்படி?" என்று கேட்க வாய் வந்தது. விழுங்கினேன். அவளே சொன்னாள். "இரைச்சல். ஒரு வார்த்தை கேட்டுது. முதல் வார்த்தை." இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பாதியில் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள். எவ்வளவு வெங்காயம்! அன்றைக்கு இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளே வந்து கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தாளம் போடுவதில்லை. தலையாட்டுவதில்லை. "பல்லவி பிடி கிடைக்குது" என்றாள் எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ. "ராகமான்னு தெரியல்ல. வார்த்தை வரும்போது, அதுக்கு அடியில என்னமோ அசையுது." நான் மைதானத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பழமும் வாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ இருக்கும். காலை பத்து மணி. நான் பேப்பர் படிக்கிற சாக்கில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். போன் மேஜைமேல், திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள். கைகள் இரண்டும் அசையாமல் மடியில்.

உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது. அவள் பாடுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இந்த வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை. சுருதி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் போயிற்று. ஆனால் மலையாள வரிகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு வரி முடிந்ததும் நிறுத்துவாள், சரியான இடைவெளி விட்டு அடுத்த வரியை எடுப்பாள். பல்லவி இரண்டு தடவை வந்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். அவள் பாடவில்லை. முகம் இறுகியிருந்தது. போய்விட்டது, கைக்கு வந்தது நழுவிவிட்டது என்று நினைத்தேன். "என்னாச்சு? நின்னு போச்சா? திரும்பப் போடட்டுமா?" என்று போனை எடுக்கக் கையை நீட்டினேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து மேஜையோடு அழுத்தினாள்.

"தொடாண்டாம்" என்றாள். "இனி வயலின் வரும்."

வயலின் வந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தில் பார்த்தேன்.